கிளப் பலகையில் டோபியின் பெயர்

ஹாலிஃபாக்ஸ், இங்கிலாந்து,
அக்டோபர் 19

அன்பு மகள் பிரிட்ஜெட்டுக்கு,

என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். ஒஹையோவில் நீயும் மாப்பிள்ளை டேலும் டோபியும் அப்படியே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவன் எதற்குத் திடீரென்று காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் என்றால் ஏதாவது கேலி பேசி நழுவிவிடுவேன், அது உனக்கே தெரியும். விஷயம் டோபியைப் பற்றியது. ஆகஸ்டில் நீங்கள் வந்து போனதிலிருந்து என் பேரன் என்னோடு பேசுவதில்லை. போனை வாங்குகிறான், ஆமாம் தாத்தா, இல்லை தாத்தா, நன்றி தாத்தா என்கிறான், உன் கையில் கொடுத்துவிடுகிறான். ஒன்பது வயதுப் பிள்ளை, கூச்சமாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். போன வாரம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே உன் அம்மாதான் உண்மையைச் சொன்னாள். போன் செய்வதற்கு முன்னால் பேசப்போவதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வார்த்தையாக உன்னிடம் காட்டி, "இது தாத்தாவுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?" என்று கேட்கிறானாமே. ஒரு மாதமாக என்னிடம் ஏன் மறைத்தாய் என்று அவளிடம் கோபப்பட வாயைத் திறந்தேன். "சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? அதையும் கிளப்புல போய்க் கிண்டலாத்தான் சொல்லியிருப்ப" என்றாள்.

புல்தரையில் பந்து உருட்டும் நம் பௌல்ஸ் கிளப்பில் அந்தக் கரும்பலகையை ஆரம்பித்தது நான்தான். யார் அமெரிக்க வார்த்தை பேசினாலும் பெயர் பலகையில் ஏறும், அன்று எல்லார் டீக் கோப்பையையும் அவர்தான் கழுவ வேண்டும். பதினொரு வருஷமாகச் சாக்குக்கட்டி என் கையில் இருக்கிறது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆகஸ்டில் நான் அங்கே கூட்டிப்போன அன்றைக்கு டோபி முதல் தடவையாகப் பந்தை ஒழுங்காக உருட்டிவிட்டு ஓடி வந்தான். "ஆசம், தாத்தா! எங்க ஊர் சாக்கர் டீம்ல நான்தான் கோல்கீப்பர், தெரியுமா?" என்று மூச்சு விடாமல் சொன்னான். நான் அவன் எந்தப் பக்கம் பாய்ந்து பந்தைப் பிடிப்பான் என்று கேட்டிருக்க வேண்டும். பலகைக்குப் போய் அவன் பெயரை எழுதினேன். பிரமாதம் என்பதற்கு ஆசம், ஃபுட்பாலுக்குச் சாக்கர், ஒரே மூச்சில் இரண்டு அமெரிக்க வார்த்தை, கிளப் சரித்திரத்திலேயே இல்லாத சாதனை என்று கத்தினேன். முப்பது பேர் கைதட்டினார்கள். அவனும் சிரித்தான் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒரு கோப்பை விடாமல் கழுவினான். ஒருவரை நமக்குப் பிடித்திருந்தால் அவரைக் கேலி செய்வது இந்த ஊர்ப் பழக்கம், பிடிக்காதவர்களிடம்தான் மரியாதையாகப் பேசுவோம். அது அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தவரை பலகையில் பெயர் ஏறுவது தண்டனைதான்.

அதற்குள் இங்கே இன்னொரு கூத்து நடந்தது. கிளப் கூரை ஒழுகுகிறதென்று நம் செயலாளர் ஹெட்லி அலமாரிகளைக் காலி செய்தபோது பழைய கூட்டக் குறிப்பேடுகள் வெளியே வந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷத்து ஏடு என் அப்பா எழுதியது, அவர்தானே அப்போது செயலாளர். சனிக்கிழமை சாக்கர் இறுதிப் போட்டி இருப்பதால் நம் ஆட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இருக்கிறது. கடலைத் தாண்டாத மனிதர், பக்கத்துக் கடற்கரை ஊரான பிளாக்பூலுக்குப் போனாலே வயிற்றைக் கலக்கும் என்பார். ஹெட்லி விசாரித்துவிட்டு வந்து, அந்த வார்த்தை பிறந்ததே நம் நாட்டுக் கல்லூரிகளில்தான் என்றான். "உங்கப்பன் பேரையும் போடு வில்ஃப், சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான?" என்று கேட்டுவிட்டுச் சாக்குக்கட்டியை நீட்டினான். போட்டேன். அப்பாவுக்குப் பதிலாக நானே கோப்பை கழுவினேன். எல்லாரும் சிரித்தார்கள். முதுகுக்குப் பின்னால் முப்பது பேர் சிரிக்கும்போது தொட்டி முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு எழுபத்து நாலு வயதில் தெரிந்தது.

இதை வீட்டில் சொன்னேன், உன் அம்மா விடுவாளா? "என்னை டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போக வந்தப்ப தலைக்கு எண்ணெய் தடவி நெத்தி மேல சுருட்டி விட்டிருந்தியே, அது எந்த நாட்டு முடி? வாய்க்குள்ளயே அமெரிக்கன் மாதிரி பாட்டு வேற" என்றாள். உண்மைதான். எனக்குப் பிடித்தபோது எல்லாம் இனித்தது. நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பக்கத்து வீட்டுப் பெண் பள்ளி முடித்ததற்கு வாசலில் நீளக் கார் வந்து நிற்கிறது, நவம்பரில் பாதி விலை என்றால் கடைவாசலில் முட்டி மோதுகிறார்கள். இந்த அமெரிக்கப் பழக்கங்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் எந்த வார்த்தையும் வீட்டுக்குள் வந்து எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை, பிரிட்ஜெட். நீ போனாய். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டு அமெரிக்காவுக்குப் போனாய், பதினான்கு ஆகிறது. உன்னிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை, டேலைப் பார்த்தால் நல்ல பிள்ளையாக இருக்கிறான். வார்த்தைகளைத் திட்டினால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். வலித்தது அந்தப் பிள்ளைக்கு.

போன ஞாயிறு நடந்ததை உன் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. நீ பேசி முடித்துவிட்டுப் போனை அணைக்க மறந்துவிட்டாய். நான் வைக்க வேண்டும், வைக்கவில்லை. டோபி உன்னிடம் காலை ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், கடைசி நிமிஷத்தில் பிடித்த பந்து, சேற்றில் விழுந்தது, எதிர்ப்பக்கப் பையன் அழுதது, இவன் போய்க் கைகொடுத்தது. ஒரு வாக்கியம் முடியுமுன் அடுத்தது. அப்படி ஒரு குரல் அவனுக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. திருடனைப் போல நின்று கேட்டேன்.

அவனிடம் எதையும் விளக்கிச் சொல்லாதே, மன்னிப்பை உன் மூலமாக அனுப்புவது கோழைத்தனம். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு நானே கேட்கிறேன், நீ பக்கத்தில் நிற்க வேண்டாம். பனி விழுமுன் கார் டயரை மாற்றச் சொல் டேலிடம். உங்கள் மூவரையும் கடவுள் சுகமாக வைத்திருக்கட்டும். ஒருவேளை அவன் போனுக்கு வரமாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதே. மேஜைமேல் அணைக்காமல் வைத்துவிட்டு நீ போய்ச் சமையலைப் பார், நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறக்காத அன்புடன்,
உன் அப்பா
வில்ஃப்ரெட்