பாதாள நதியின் படகோட்டி

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதத்தான் பழக்கதோஷத்தில் கை போனது. எழுதி அடித்திருக்கிறேன், பார். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உன் புதிய தொடரின் முதல் புத்தகம் செவ்வாய்க்கிழமை வந்தது. கையெழுத்துப் பிரதியோடு அச்சுப் படிகளும் இருந்தன. வழக்கம்போல அக்காதான் மெய்ப்புப் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னதாகப் பதிப்பாளர் அம்மா சீட்டு வைத்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கக்கேடு.

பழைய தொடரின் மூன்று புத்தகங்களை நீ யாருக்காக எழுதினாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் உன் மருமகளுக்கு, என் பிள்ளைக்கு, எட்டு வயது. செத்தவர்களை அக்கரை சேர்க்கும் பழைய புராணப் படகோட்டியை எடுத்து, அவனை உன் நாயகியின் அப்பாவாக்கினாய். கன்னத்து மச்சத்தைக்கூட விடாமல் இவரை அப்படியே எழுதியிருந்தாய். மகள் என்றைக்கு வந்து நின்றாலும் அப்பாவுக்கு அவளைத் தெரியும் என்று மரண தேவனே வாக்குக் கொடுப்பதோடு கதை முடிந்தது. அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டாள், தூங்கினாள். அதற்காக உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

நம் வீட்டில் மெய்ப்புப் பார்க்கிற விதம் உனக்குத் தெரியாததா? ஒருவர் கையெழுத்துப் பிரதியைக் காற்புள்ளி, கேள்விக்குறி உட்பட உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுப் படியில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். முன்பு இவர் படிப்பார். இப்போது பதின்மூன்று வயதில் உன் மருமகள் படிக்கிறாள். உன் எழுத்துதானே என்று நான் முன்கூட்டிப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது என் புத்திகெட்டதனம்.

பதினோராம் அத்தியாயம். அதே படகோட்டி இதில் மறதி நீரைக் குடித்துவிடுகிறான். மகள் கரையில் நிற்கிறாள். அவன் துணையாளிடம் கேட்கிறான். “அங்க நிக்கிற பொண்ணு யாரு கேள்விக்குறி அனுப்பிடுங்க காற்புள்ளி எனக்குப் பயமா இருக்கு முற்றுப்புள்ளி” என்று என் பிள்ளை ஒரே குரலில் படித்தாள். எனக்கு விரல் நகரவில்லை.

பாவி, அது இவர் சொன்ன வார்த்தை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற பிள்ளையைப் பார்த்துச் சொன்னது. அறைக்குள் இருந்தது இவரும் நீயும் நானும்தான். வெளியே வந்து அவளிடம், அப்பா உன்னைப் பார்த்துச் சிரித்தார், நன்றாகப் படிக்கச் சொன்னார் என்று நான் சொன்னபோது நீ என் பக்கத்தில் நின்று தலையாட்டினாய். ஆட்டிய தலைக்குள்ளேயே அதைக் குறித்தும் வைத்துக்கொண்டாயா? உனக்குக் கதைக்கு வேறு பஞ்சமா?

மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. உறுத்தினால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். உறுத்தும் என்று தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாய், மகாராசன்.

‘எடுக்கவும்’ என்று சிவப்பு மையில் ஓரத்தில் எழுதினேன். பிறகு அதன் மேலேயே கோடு போட்டேன். காரணத்தைக் கேள். அவள் அன்றைக்கு அத்தியாயத்தை முடித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா, இது மாமா சும்மா எழுதினதுதானே? அன்னைக்கு நானும் கதவுக்கு வெளியதான் நின்னேன்” என்றாள். சும்மா எழுதியதுதான் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்போ மாமா ரொம்பக் கெட்டவரு” என்றாள். நான் மறுக்கவில்லை.

புத்தகம் வந்ததும் அவள் முதலில் புரட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான். அது இல்லாவிட்டால் ஏன் எடுத்தார்கள் என்று கேட்பாள். அம்மா சொல்லித்தான் எடுத்தார்கள், அப்படியானால் அது நிஜம் என்பது அவளுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் ஒரு வரியைக்கூடத் தொடாதே. எல்லாப் பக்கத்திலும் சரி என்று கையெழுத்துப் போட்டுப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் மன்னிப்பு என்று மட்டும் நினைத்துவிடாதே.

அவளும் உனக்குத் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் பக்கம் ஓடுகிறது. உன் புத்தகம் எதையும் இனித் தொடமாட்டேன் என்றுதான் இருக்கும். வாங்கிக்கொள். விளக்கம் சொல்லாதே, நியாயம் பேசாதே. ஆமாம், என் கற்பனைதான், மாமா புத்திகெட்டுப் போய் எழுதிவிட்டேன் என்று பதில் போடு. மாமாவை வெறுத்துக்கொண்டு அவளால் இருந்துவிட முடியும். அப்பாவுக்குத் தன்னைத் தெரியாமல் போனது என்று தெரிந்துகொண்டு அவளால் இருக்க முடியாது.

நீ நன்றாக இரு, தம்பி. இந்த ஒரு பொய்யை மட்டும் சாகிறவரைக்கும் சொல்லு.

உன் அக்கா