கட்டைக்கும் கொக்குக்கும் நடுவுல

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பு, கீழ்ப்புறச் சமையல்கூடம். குரல் பதிவு. காலை 6:20

...அதத்தான் சொல்றேன், இதைக் கேக்குறவுக யாரா இருந்தாலும் கேட்டுக்கங்க. இன்னைக்கும் மணியடிச்சு ஆத்தாளக் கும்பிட்டு முடிக்கல, காத்து கொறைஞ்சு போச்சு. எம்பேரு பூங்காவனம். இந்தப் பக்கத்துக்குச் சமையல் நாந்தான். காத்து மிஷினு அந்தப் பக்கம், தண்ணித் தொட்டி இந்தப் பக்கம். நடுவுல இரும்புக் கதவு, ரெண்டு பக்கத்துக்கும் சண்டை வந்தப்புறம் மாட்டுனது. அந்தப் பக்கத்தாளுக இங்கயே பொறந்தவுக, கால் நீளம். நம்மாளுக 'கொக்கு'ம்பாக. பூமியிலருந்து வந்த நம்மள அவுக 'கட்டை'ம்பாக. நான் எட்டாப்பு, எனக்கே தெரியுது, வேணும்னே காத்த அடைக்கிறாக.

காலை 11:05

நம்ம பக்கத்துத் தலைவர் தவசிலிங்கம், மத்தியானம் அவுகளுக்குத் தண்ணிய நிறுத்தப் போறாராம். அங்க புள்ளகுட்டி இருக்கே! யாருக்கும் தெரியாம கதவு இன்டர்காம்ல கூப்பிட்டேன். நிமான்னு ஒருத்தி எடுத்தா.

"என்ன கட்டையம்மா, இன்னும் மூச்சு இருக்கா?"

"இருக்குடி கொக்கு. எதுக்குடி காலையில காத்த அடைக்கிறீக?"

"நீங்கதானே மணி அடிக்கிறீங்க? இங்க மணி அடிச்சா சுவத்துல ஓட்டை விழுந்துருச்சுன்னு அர்த்தம். ஓட்டை விழுந்த பக்கம் காத்த அடைப்போம். பொறந்ததுலருந்து அதான் பழக்கம்."

"அது பூசை மணிடி!"

காலை 11:30

நிமாவே திரும்பக் கூப்பிட்டா.

"ஒளிக்காமச் சொல்றேன். ஓட்டை இல்லன்னு போன வாரமே எங்களுக்குத் தெரியும். ஆத்திரத்துல அடைச்சோம்."

அடிப்பாவி. வாய் வரைக்கும் வந்த வசவை முழுங்கிட்டு நானும் சொன்னேன்.

"உங்களுக்கு விடுறது கழிவுத் தண்ணிடி. சரியா வடிகட்டாம, தெரிஞ்சேதான் விடுறோம்."

அங்கிட்டு ஒரு புள்ள அனத்துற சத்தம்.

"எம்புள்ளைக்கு வயித்தால நிக்காமப் போகுதே... அதனாலயா?"

அதனாலதான் இருக்கும்டின்னேன்.

"கதவத் தெறங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

காலை 11:50

தவசிலிங்கத்துக்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவர் நம்பல. இன்டர்காமுக்கு இழுத்துட்டு வந்து கேளுய்யான்னேன். நிமா மறுபடி முதல்லருந்து சொன்னா, நடுவுல அந்தப் புள்ள அனத்துது. அவர் போயி நல்ல தண்ணிக் குழாயத் தெறந்து விட்டுட்டாரு. கதவத் தெறக்க மட்டும் வரமாட்டாராம்.

பகல் 12:10, நடுக்கதவு

"எங்க தாழ்ப்பாளை எடுத்துட்டோம். உங்களது?" நிமாதான், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

எத்தனை பேரு நிக்கிறாகளோ, கையில என்ன வச்சிருக்காகளோ. ஆத்தா, கூடவே இரு. எடுத்துட்டேன்... நகருது... விரல் தெரியுது, எம்புட்டு நீளம்... ஐயோ, இப்பத்தான் ஞாபகம் வருது, இந்தக் கதவ மாட்டுனவன் அன்னைக்கே சொன்னான், ஒரு தடவ தெறந்தா இது மறுபடி மூடாதாம்.