குகைக்குப் போகும் படகு

அனெமூசா
14 மே 1983

என் நிகிதாஸ்,

உன் உடம்பு எப்படி, கப்பலில் சாப்பாடு எப்படி என்றெல்லாம் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன். முதலில் இதைச் சொல்லாவிட்டால் பேனா ஓடாது. செவஸ்தியைக் கடலில் இறக்கிவிட்டேன்!

ஆமாம், நீ உன் அம்மாவின் பெயரை வைத்த அதே படகுதான். வருஷக்கணக்காகக் கரையில் கட்டைமேல் நின்று காய்ந்துகொண்டிருந்ததே, அதேதான். பலகை இடுக்குகளைப் பஞ்சால் அடைத்து, தார் பூசி, எஞ்சினைக் கழற்றித் துடைத்து... கை இரண்டும் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கின்றன.

நடந்ததைச் சொல்கிறேன். இந்த வசந்தத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் வாரம் இரண்டு தடவை நம் தீவுத் துறையில் நிற்கிறது. போன மாதம் முதுகில் மூட்டையோடு ஐந்து டென்மார்க்காரர்கள் இறங்கினார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு நம் மொழி கொஞ்சம் தெரியும். ஸ்டாமோஸ் மாமாவின் காபிக் கடையில் உட்கார்ந்து, இங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டாள். நான் அங்கே தக்காளி கொடுக்கப் போயிருந்தேன்.

"இங்க என்ன இருக்கு? பாறை. அந்தப் பக்கம் போனா இன்னும் கொஞ்சம் பாறை," என்கிறார் மாமா. "உக்காந்து காபி குடிங்க. சனிக்கிழமை கப்பல் வந்துரும்."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "மாமா, நீங்க அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சு எத்தன வருஷமாச்சு? கடல்நாய்க் குகை இல்லையா? செங்கரை இல்லையா? கடலுக்குள்ள வெந்நீர் ஊத்து இல்லையா?"

"இருக்கு, யாரு இல்லேன்னா? கூட்டிட்டுப் போக ஆளு? உன் புருஷன் பிரேசில்ல இருக்கான்."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

கடையே சிரித்தது. ஆனால் அந்தப் பெண் அடுத்த கப்பலுக்குப் போகவில்லை. படகு தயாராகும்வரை ஐந்து பேரும் காத்திருந்து, தார்ச்சட்டி தூக்கிக்கூடக் கொடுத்தார்கள். நேற்றுக் காலை கிளம்பினோம். குகை வாய்க்கு வெளியே எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் உள்ளே தள்ளினேன். வெயில் அடியிலிருந்து வருவதுபோல் தண்ணீர் பச்சையாக எரிந்தது. எல்லோர் முகத்திலும் அந்தப் பச்சை. உள்ளே மணல்திட்டில் ஒரு தாய்க் கடல்நாய், பக்கத்தில் குட்டி! அது எங்களைப் பார்த்துத் தும்மியது, நிகிதாஸ். சத்தியமாகத் தும்மியது! அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்பாவோடு வலை போடப் போன நாட்களுக்குப் பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இன்று இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது கேட்கிறேன்: உடம்பு எப்படி? முதுகுவலி?

உன் கலியோபி

*

சாந்தோஸ் துறைமுகம்
20 ஜூன்

அன்புள்ள கலியோபி,

உடம்பு நன்றாக இருக்கிறது. முதுகு அப்படியேதான். காபி மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். மழை வந்து வந்து வேலை நிற்கிறது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த டென்மார்க்காரர்களின் ஊரில் வெயிலே இல்லை. பாவம், எந்தப் பாறையைக் காட்டினாலும் கை தட்டுவார்கள். நான் ரியோ மலையைப் பார்த்தவன், ராத்திரியில் சிங்கப்பூர் விளக்குகளைப் பார்த்தவன். நம் தீவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று என்னைக் கேள். நிகிதாஸின் மனைவி சுக்கான் பிடிக்கிறாள், அவன் சம்பாதிப்பது போதவில்லை போலிருக்கிறது என்று காபிக் கடையில் பேசுவார்கள். உனக்கு அது கேட்காமல் இருக்கலாம். எனக்கு இங்கே வரைக்கும் கேட்கிறது.

இன்னொரு விஷயம். பக்கத்துத் தீவுப் பந்தெலிஸுக்கு ஒரு படகு வேண்டுமாம். செவஸ்தியைக் கொடுப்பதாக எழுதிவிட்டேன். ஜூலையில் வந்து எடுத்துப் போவார். பிரேயஸில் வீடு பார்த்தாயிற்று. மூன்றாம் மாடி, பால்கனி உண்டு, வாசலிலேயே பஸ். குளிர்காலத்துக்குள் நீ அங்கே போய்விடு. என் கப்பல் பிரேயஸுக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வரலாம். காற்றடிக்கும் ராத்திரிகளில் நீ அந்தப் பாறையில் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கோபப்படாதே.

நிகிதாஸ்

*

அனெமூசா
25 ஜூலை

என் நிகிதாஸ்,

கோபப்பட்டேன். இரண்டு நாள் உன் போட்டோவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஆனால் இப்போது எழுத வேண்டிய செய்தி வேறு. உன் பந்தெலிஸ் வந்தார்!

அவர் கப்பலை விட்டு இறங்கும்போது துறையில் பதினோரு பேர் எனக்காகத் தொப்பியும் துண்டுமாக நின்றுகொண்டிருந்தார்கள். உன் கடிதத்தைக் காட்டினார். ஆனாலும் சொன்னேன்: "மாமா, படகு உங்களுதுதான். இன்னிக்கு ஒரு நாள் இவங்கள கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன். நீங்களும் ஏறுங்க. வாங்கற படகு ஓடறதப் பார்க்க வேண்டாமா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினார். முன்பக்கம் அணியத்தில் உட்கார்ந்துகொண்டு, "பொம்பள ஓட்டற படகுல நான் போறேன். என் பொண்டாட்டி இதப் பாக்கணும்," என்று கடலிடம் முறையிட்டார்.

முதலில் செங்கரை. பிரெஞ்சுக்காரி ஒருத்தி சிவப்புக் கூழாங்கல்லைப் பை நிறைய அள்ளினாள். "கொட்டும்மா கீழே, எல்லாரும் அள்ளினா கரை எங்க இருக்கும்?" என்றேன். மொழி புரியாமலே கொட்டிவிட்டாள். பிறகு குகை. குட்டி வளர்ந்துவிட்டது! படகுக்கு அடியிலேயே நீந்தி வந்து அந்தப் பக்கம் தலை தூக்கிப் பார்த்தது. எல்லோரும் ஒரே பக்கம் சாய, "உக்காருங்க எல்லாரும்!" என்று நான் போட்ட சத்தத்தில் பந்தெலிஸும் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தால் வாடைக்காற்று எழுந்துவிட்டது. நேரே துறைக்குப் போனால் அலை பக்கவாட்டில் அடிக்கும். பந்தெலிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படகைத் திருப்பி, பாறை ஓரமாகவே தெற்குப் பக்கம் கொண்டுபோய், காற்று படாத இடத்தில் வெந்நீர் ஊற்றருகே நங்கூரம் போட்டேன். காற்று தணியும்வரை எல்லோரையும் தண்ணீரில் இறக்கிவிட்டேன். தொந்தி பெருத்த ஜெர்மன்காரர் ஒருவர் கழுத்தளவு வெந்நீரில் நின்று பாட ஆரம்பித்தார். பந்தெலிஸ் பூட்ஸைக் கழற்றிக் காலை மட்டும் விட்டார். பிறகு முழங்கால். பிறகு சட்டையோடு உள்ளே! ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் தக்காளியும் நீரில் நின்றபடியே கைமாறின.

சாயங்காலம் துறையில் இறங்கியதும் சொன்னார்: "கேப்டனம்மா, இந்தப் படகு எனக்குச் சரிப்படாது."

"ஏன் மாமா, எஞ்சின்ல ஏதாவது கொறையா?"

"எஞ்சின் தங்கம். ஆனா நான் இத ஓட்டிட்டுப் போனேன்னு வை, நாளைக்குக் காலைல வர்றவங்க என் தீவு வரைக்கும் தேடி வந்து அடிப்பாங்க."

நிகிதாஸ், சிரித்துக்கொண்டே எழுதினாலும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. நான் பிரேயஸுக்கு வர மாட்டேன். அந்தப் பால்கனியில் உட்கார்ந்து உன் கப்பலுக்குக் காத்திருக்க என்னால் முடியாது. காத்திருப்பதுதான் என் வேலை என்று பதினாறு வருஷம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

உன்மேல் உள்ள அன்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், சந்தேகம் வேண்டாம்.

கலியோபி

*

டர்பன் துறைமுகம்
19 ஆகஸ்ட்

என் கலியோபி,

உன் கடிதமும் பந்தெலிஸின் கடிதமும் ஒரே பையில் வந்தன. அவருடையதை முதலில் பிரித்தேன், உன் கோபத்திலிருந்து கொஞ்ச நேரம் தப்பித்துக்கொள்ளலாம் என்று. அந்த மனுஷன் வாழ்நாளில் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டார். தண்ணீரின் பச்சைக்கு மட்டும் ஒரு பக்கம்!

சாப்பாட்டு அறையில் சத்தமாகப் படித்தேன். ஃபிலிப்பைன்ஸ்காரன் அர்செனியோவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவன் கேட்டான்: "அண்ணே, அந்தக் குட்டிய நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லடா."

"குகையாவது?"

"இல்ல."

"உங்க ஊருதானே அண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். தீவின் மலைமேட்டில் ஆடு மேய்த்த வீட்டுப் பிள்ளை நான். பதினேழு வயதில் கப்பலேறினேன். வருஷத்தில் ஒரு மாதம் வருகிறேன், காபிக் கடையில் உட்காருகிறேன், எந்தெந்தத் துறைமுகம் பார்த்தாய் என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். போய்விடுகிறேன்.

போதும், கலியோபி! பிரேயஸ் வீடு வேண்டாமென்று எழுதிவிட்டேன். அக்டோபரில் ஜெனோவாவில் கணக்கு முடித்துக்கொண்டு இறங்குகிறேன், ஒரேயடியாக. எல்லாம் யோசித்து வைத்துவிட்டேன். வெயிலுக்குத் துணிக் கூரை போடலாம், பெஞ்சுக்கு மெத்தை. இனி நான் சுக்கானைப் பார்த்துக்கொள்கிறேன். நீ வெயிலில் நின்று கறுக்க வேண்டாம். கரையில் ஒரு அடுப்பு போட்டுத் தருகிறேன், உன் பாலாடைக்கட்டிப் பலகாரத்துக்கு ஊரே வரிசையில் நிற்கும். கேப்டன் நிகிதாஸ்! எப்படி இருக்கிறது?

உன் நிகிதாஸ்

*

அனெமூசா
10 செப்டம்பர்

என் நிகிதாஸ்,

ஒரேயடியாக! அந்த வார்த்தையைப் படித்ததும் அடுப்பில் இருந்ததை மறந்து ஸ்டாமோஸ் மாமாவின் கடைக்கு ஓடினேன். பருப்பு கருகிப்போயிற்று. மாமா எல்லோருக்கும் ஊஸோ சாராயம் ஊற்றினார், இலவசமாக! சாட்சிக்கு ஆள் இருக்கிறது. துணிக் கூரை நல்ல யோசனை. மெத்தையும்.

இனி எழுதப்போவதை மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தேன். நேராகவே சொல்கிறேன்.

போன வாரம் பெரிய தீவுக்குப் போய்த் துறைமுக அலுவலகத்தில் தேர்வு எழுதினேன். தேறிவிட்டேன். ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது என் பெயர். நீ பெருங்கடல் தெரிந்தவன். ஆனால் குகை வாசலில் அலை இரண்டாக உடையும் இடம் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நீ வந்துவிட்டாய் என்பதற்காக நான் அடுப்படிக்குத் திரும்பிப் போக மாட்டேன். பலகாரம் ஞாயிற்றுக்கிழமை செய்வேன், நம் இருவருக்கு.

படகுக்கு ஒரு ஆள் வேண்டும். கயிறு பிடிக்க, நங்கூரம் போட, பயப்படுகிறவர்களைக் கைபிடித்து ஏற்றி இறக்க. அதற்கு நீ வருவாயா? வேண்டாமென்றால் வேறு ஆள் பார்க்கிறேன். அதற்காகச் சண்டை வேண்டாம், வீடு எப்போதும் உன்னுடையது. ஆனால் சுக்கானைக் கேட்காதே.

அக்டோபரில் தண்ணீர் இன்னும் இதமாகவே இருக்கும். அத்திப்பழம் முடிந்து ஒயினுக்குத் திராட்சை மிதிக்கிறார்கள். ஸ்வீடனிலிருந்து வந்த இரண்டு பேர் கிளம்ப மாட்டோம் என்கிறார்கள். குட்டி இப்போது தாயில்லாமல் தனியே வருகிறது. வா, வந்து பார்.

கலியோபி

*

ஜெனோவா
2 அக்டோபர்

கலியோபி,

உன் கடிதத்தை ஏஜெண்ட் அலுவலகத்தில் கொடுத்தார்கள். படித்துவிட்டு மழையில் நடந்தேன். கோபம்தான், மறைக்கவில்லை. கப்பலில் பத்து ஆட்களை ஏவுகிற என்னை, என் மனைவி கயிறு பிடிக்கக் கூப்பிடுகிறாள்!

பிறகு ஒரு ஒயின் கடையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் எத்தனை கேப்டன்கள். குடிகாரன், கோழை, காற்று மாறினால் அறையைப் பூட்டிக்கொண்டு ஜெபம் சொல்கிறவன். அத்தனை பேருக்கும் "சரிங்க கேப்டன்" சொன்னேன். காற்று எழுந்ததும் பதினோரு பேரை வெந்நீரில் இறக்கிப் பாட வைக்கிற கேப்டன் ஒருவர்கூட எனக்கு வாய்த்ததில்லை.

வருகிறேன். கயிறு பிடிக்கிறேன். ஸ்டாமோஸ் மாமா சிரித்தால் சிரிக்கட்டும், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வெள்ளிக்கிழமை பிரேயஸில் இருப்பேன், சனிக்கிழமை கப்பலில் நம் துறையில்.

ஒன்று மட்டும் கேப்டனுக்குத் தெரிய வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. கப்பல்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, யாரும் சொல்ல மாட்டோம். நீ குகைக்குக் கூப்பிட்ட போதெல்லாம் முதுகுவலி என்றேனே, அது இதற்காகத்தான். விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு, சாயங்காலத்தில், செங்கரையில் யாரும் இல்லாதபோது எனக்குக் கற்றுக்கொடுப்பாயா? உன் கையைப் பிடித்துக்கொள்வேன். கத்தமாட்டேன்.

நிகிதாஸ்