பச்சை வண்டியில் லேனாவுக்கு ஓர் இருக்கை

3 செப்டம்பர் 1985, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டை வரைந்துகொண்டிருந்தேன். பதினேழாவது படிக்குப் பிறகு பென்சில் தன்பாட்டில் வளைந்து ஒரு கடற்கரைச் சாலையாகப் போய்விட்டது. மேற்பார்வையாளர் கோவிந்தசாமி எட்டிப் பார்த்து, "சவரி, இந்த ஸ்டேஷன்ல கடல் வருதா?" என்றார். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

நாலு மணிக்குப் போன். என் மனைவி உர்சுலா. மே மாதம் பிரிந்த பிறகு அவளாக அழைப்பது இதுதான் முதல் முறை.

"ஞாயித்துக்கிழமைல நீங்க வந்து அடுக்குமாடி புளோக் கீழ லேனாவோட விளையாடிட்டுப் போயிடறீங்க. அப்புறம் ராத்திரி வரைக்கும் 'பச்சை, பச்சை'ன்னு அழுவுறா. சரி, கார்ல கூட்டிட்டுப் போங்க. ஆனா சும்மா சீட்ல உட்கார வைக்கக் கூடாது. சைல்ட் சீட் போடணும். நான் பார்த்து ஓகே சொல்லணும்."

"அது ரெண்டு சீட் வண்டி, உர்சு. பின்னாடி ஒண்ணுமே இல்ல."

"எனக்குத் தெரியாதா லா," என்று வைத்துவிட்டாள்.

எங்கள் மகள் லேனாவுக்கு இரண்டரை வயது. பச்சை என்பது என் கார்.

5 செப்டம்பர், வியாழன்

எழுதிவிடுகிறேன். இதுவரை எழுதவே இல்லை.

மார்ச் மாதம், மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்குப் போகும் வழி. கூரையை மடித்து வைத்திருந்தேன். உர்சுலா மடியில் லேனா. சிராங்கூன் சாலையில் வெயிலும் பூக்கடை வாசனையும். நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஆமாம், மேகத்தைத்தான். முன்னால் ஒரு சைக்கிள்காரர் திரும்பியதைக் கடைசி நொடியில் கண்டு பிரேக்கை மிதித்தேன். குழந்தை மடியிலிருந்து நழுவி முன்பலகையில் மோதியது. இடது புருவத்துக்கு மேல் மூன்று தையல்.

உர்சுலா மருத்துவமனையில் அவசரப் பிரிவுத் தாதி. அப்படி வரும் பிள்ளைகளைத் தினமும் தூக்குகிறவள். அன்று அவள் என்னைத் திட்டவில்லை. இரண்டு மாதம் எதுவுமே பேசவில்லை. பிறகு, "கொஞ்ச நாள் தனியா இருங்க," என்றாள். தெம்பனிஸ் வீட்டை விட்டு நான்தான் வந்தேன். இப்போது தேக்காவில், பலசரக்குக் கடை மாடியில் ஓர் அறை. கீழே மசாலா அரைக்கும் சத்தத்தில் கனவுகள்கூடத் தும்முகின்றன.

7 செப்டம்பர், சனி

ஆர்ச்சர்ட் ரோட்டில் பெரிய கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் சிவப்பு வெல்வெட் இருக்கை, சின்ன ராணியின் சிம்மாசனம் மாதிரி. அதில் லேனா உட்கார்ந்து கடலோரமாகப் போவதை அங்கேயே நின்று பார்த்தேன். விற்பனைப் பெண் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது. அளவு எடுத்தேன். அடிப்பாகம் பத்தொன்பது அங்குல அகலம். என் வண்டியில் கதவுக்கும் நடு மேட்டுக்கும் இடையே பதினாறரைதான் இருக்கிறது.

இன்னொன்று சாய்மானத்தின் மேல் கொக்கி போட்டு மாட்டுவது. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்றார்கள். பிடித்துக் கொஞ்சம் அசைத்தேன், கொக்கி கழன்று கையோடு வந்தது.

11 செப்டம்பர், புதன்

பேரங்காடி அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பம், சிராங்கூன் கார்டன்ஸ். அவர்கள் வீட்டில் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் இருக்கை ஒன்று. தோளுக்கு இரண்டு வார், இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று, தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்ட நீளமாக ஒரு வார். பதினைந்து அங்குலம்! அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை, வாளி மாதிரி இருக்கிறது. "விபத்தில் சிக்கியதா?" என்று கேட்டேன். இல்லை என்று அந்த அம்மாள் சத்தியம் செய்யாத குறை. பிளாஸ்டிக் ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கி வந்தேன்.

இரவு அது என் அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. யாரோ விருந்தாளி வந்த மாதிரி.

14 செப்டம்பர், சனி

சையது ஆல்வி சாலைச் சந்தில் காதர் மைதீனின் பட்டறை. கார் மெத்தை தைப்பார், இரும்பும் ஒட்டுவார். இருக்கையை வண்டியில் வைத்தோம். ஆடியது. வண்டியின் இருக்கைக்கு இரு பக்கமும் மெத்தை மேடாக எழும்பி நிற்கும், நடுவில் பள்ளம். குழந்தை இருக்கை பள்ளத்தில் இறங்காமல் இரண்டு மேட்டின் மேலும் தொட்டில் மாதிரி ஊஞ்சலாடுகிறது.

"பெல்ட்ட இறுக்கிக் கட்டினா?" என்றேன்.

"இறுக்கிக் கட்டினாலும் திருப்பத்துல சாயும், தம்பி. அடி உட்காராம மேல கட்டி என்ன புண்ணியம்?" இருக்கையைச் சுற்றி வந்து பார்த்தார். "இந்த ரெண்டு மேட்டையும் வெட்டி எடுக்கணும். அடியில பலகை வச்சு மட்டமாக்கணும். சீட்டுக்குப் பின்னால இருக்கிற தட்டுக்குக் கீழ இரும்புத் தகடு கொடுத்து, போல்ட் போட்டு, மேல் வாரை அதுல கட்டணும். அப்பத்தான் நிக்கும்."

"செஞ்சிடுங்க பாய்."

"செய்யிறேன். ஆனா ஒண்ணு. வெட்டிட்டா அப்புறம் பெரியவங்க யாரும் அதுல உட்கார முடியாது. திரும்ப மெத்தை வச்சாலும் பழைய சீட்டா வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

16 செப்டம்பர், திங்கள்

பாய்க்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

19 செப்டம்பர், வியாழன்

விடியும் முன் ஒரு கனவு. வண்டி நிற்கிறது, சாலை மட்டும் ஓடுகிறது. பக்கத்து இருக்கையில் உர்சுலா, நெற்றியில் முடி பறக்க, கல்யாணத்துக்கு முன் வந்த உர்சுலா. ஏதோ சொல்கிறாள், காற்று அதை எடுத்துக்கொண்டு போகிறது. விழித்த பிறகு வெகுநேரம் என் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அந்த இருக்கை அவளுடையது. வெட்டினால் அவள் அதில் இனி உட்காரவே முடியாது. என்றாவது திரும்பி வருவாள், அதில் உட்காருவாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேனா? ஆமாம்.

வண்டியை விற்றுவிடு என்கிறார் கோவிந்தசாமி. விற்கலாம். ஆனால் லேனா ஓடி வந்து முதலில் தொடுவது அதைத்தான், என்னை அல்ல. அதையும் விற்றுவிட்டு அவள் முன் நான் எதோடு போய் நிற்பேன்?

வெறும் ஆசைக்காக ஒரு இருக்கையைப் பூட்டி வைத்திருக்கிறேன், பிள்ளை கீழே நின்று அழுகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது சவரி?

21 செப்டம்பர், சனி

"வெட்டுங்க பாய்," என்றேன். அவர் கத்தியை எடுத்தபோது வெளியே போய் நின்றேன். சந்தின் மேலே ஒரு வெள்ளைத் துண்டு மேகம், நகரவே இல்லை.

28 செப்டம்பர், சனி

பன்னிரண்டு கிலோ அரிசி மூட்டையை வாரில் பூட்டிக்கொண்டு காலியான கார் நிறுத்துமிடம் ஒன்றுக்குப் போனோம். பாய் வெளியே நின்று பார்த்தார். ஓடவிட்டு பிரேக்கை மிதித்தேன். மூட்டை இடுப்பு வாருக்கு அடியில் வழுக்கிக் கீழே இறங்கியது. நடு வார் தளர்வு என்றார். சரிசெய்து மறுபடி மிதித்தேன். மூட்டை அசையவில்லை. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருப்பதால் முன்பலகை எட்டவே எட்டாது. பாய் தோளோடு இருக்கையைப் பிடித்து உலுக்கினார், முழு வண்டியும் குலுங்கியது.

"இப்பத்தான் சீட்டு வண்டியோட சேந்துச்சு," என்றார்.

6 அக்டோபர், ஞாயிறு

தெம்பனிஸ். உர்சுலா புளோக்குக்குக் கீழே வந்தாள். சீருடை, கண்ணில் தூக்கமில்லை. சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு வார்களை ஒவ்வொன்றாக இழுத்தாள். பின் தட்டுக்குக் கீழே கைவிட்டு போல்டைத் தொட்டாள். வெட்டின இடத்தில் கை கொஞ்சம் நின்றது.

"இதை வெட்டிட்டீங்களா?"

"வெட்டினாத்தான் நிக்குது."

அப்புறம் வண்டியின் பெல்ட்டைப் பூட்டும் பக்கிளைத் தட்டிக் காட்டினாள். "இது சீட்டோட ஓரத்து மேல படுது பாருங்க. இடிச்சா இந்த ஓரமே அதைத் திறந்து விட்டுடும். இன்னைக்கு வேணாம்."

சொன்னது சரி. எனக்கும் பாய்க்கும் தெரியாமல் போனது. லேனா மேல்மாடியில் பக்கத்து வீட்டம்மாவின் இடுப்பிலிருந்து "பச்சை!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கையாட்டிவிட்டு வந்தேன்.

10 அக்டோபர், வியாழன்

பாய் பக்கிளின் தண்டைக் குட்டையாக்கினார். இப்போது அது ஓரத்துக்குக் கீழேயே நிற்கிறது. "உங்க வீட்டம்மா பட்டறைக்கு வந்தா நான் கடையச் சாத்த வேண்டியதுதான்," என்று சிரித்தார்.

13 அக்டோபர், ஞாயிறு

ஓகே சொல்லிவிட்டாள்.

தானே லேனாவைப் பூட்டினாள். வாருக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். "இருபது நிமிஷம். ஸ்பீடு முப்பது கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாது." இருபத்தெட்டில் போனேன். புதுத் தெருக்கள், ஆள் குடிவராத புளோக்குகள், குச்சி குச்சியாக நட்ட மரங்கள். லேனா கண்ணை அகலத் திறந்து வானத்தைப் பார்த்தபடியே வந்தாள். ஒரு விமானம் தாழ்வாகக் கடந்தது. அவள் அதைப் பார்த்தாள், நான் சாலையைப் பார்த்தேன். நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

27 அக்டோபர், ஞாயிறு

இன்று ஒரு மணி நேரம் அனுமதி. சாங்கி வரை. திரும்பும்போது தூங்கிவிட்டாள். தலை சாயவில்லை, இருக்கையின் ஓடு தாங்கிக்கொண்டது.

6 நவம்பர், புதன்

ஈரச் சட்டையை மாற்றிவிட்டு எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு அலுவலகத்துக்கு உர்சுலாவிடமிருந்து போன். லேனாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், இப்போது காதைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். கொட்டும் மழை, டாக்ஸி ஒன்றும் கிடைக்கவில்லை. "வண்டி எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்!" நூற்றிரண்டு டிகிரி. கோவிந்தசாமியிடம் சொல்லக்கூட நிற்கவில்லை.

போய்ச் சேர்ந்து லேனாவைப் பூட்டினோம். அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. இன்னொரு ஆளுக்கு இடம் இல்லை. பிள்ளை "மா, மா" என்று அலறுகிறது.

சாவியை அவள் கையில் வைத்தேன். "நீ ஓட்டு."

"நான் ஓட்டி நாலு வருஷம் ஆகுது. இந்த வண்டிய ஓட்டினதே இல்ல."

"கிளட்ச் கொஞ்சம் கெட்டி. மெதுவா விடு. நீ போ உர்சு, நான் பின்னாடியே வரேன்."

இரண்டு முறை நின்றுபோனது. மூன்றாம் முறை போனாள். பின் விளக்கு மழைக்குள் மறையும் வரை பார்த்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் ஜன்னலில் நீர் வழிய வழிய ஊரே கடலுக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது. ஜெபமாலையில் பாதிதான் சொன்னேன், மீதி மறந்துவிட்டது.

மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் பார்த்துவிட்டார்கள். காதில் சீழ். மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டார்கள். பயமில்லை என்றார் டாக்டர். வராந்தா பெஞ்சில் நாங்கள் இருவர். என் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

உர்சுலா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்னைக்கு நீங்க பிரேக் போட்டப்ப, நான் அவளை ஒரு கையாலதான் பிடிச்சிருந்தேன். முடி பறந்துச்சு. ஒதுக்கி விடலாம்னு ஒரு கையை எடுத்தேன்."

நான் சட்டையின் நுனியைப் பிழிந்தேன்.

"ரெண்டு கையும் இருந்தா விழுந்திருக்க மாட்டா. நர்ஸ் நான். மடியில வைக்கக் கூடாதுன்னு எல்லா அம்மாக்கும் சொல்றவ. உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்துச்சு. அதான் போகச் சொன்னேன்."

"ரெண்டு கை இருந்தாலும் நிக்காது உர்சு. சீட்டுல அரிசி மூட்டையைக் கட்டி பிரேக் போட்டுப் பார்த்தேன், வாரையே மீறி நழுவுச்சு. அந்த வேகத்துக்கு யாராலயும் பிடிக்க முடியாது. மேகத்தைப் பார்த்துட்டு ஓட்டினது நான்."

அவள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது, லேனா பிறந்த அன்று. அதற்குப் பிறகு இன்றுதான்.

7 நவம்பர், வியாழன்

வண்டி அவளிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இருக்கையைக் கழற்றி மாட்ட இரண்டு மணி நேரம் ஆகிறது. பிள்ளை எங்கேயோ, இருக்கை அங்கே. நான் பஸ்.

17 நவம்பர், ஞாயிறு

லேனா குணமாகிவிட்டாள். உர்சுலா அவளைக் கூட்டிக்கொண்டு தேக்காவுக்கே ஓட்டி வந்தாள்! மீன் வாங்க வந்தாளாம். தெம்பனிஸில் மீனே கிடைக்காதா என்று நான் கேட்கவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

பூசை. மூவரும் ஒரே பெஞ்சில். அவர்கள் வண்டியில், நான் பஸ்ஸில்.

22 டிசம்பர், ஞாயிறு

(டைரி தேக்கா அறையில் இருந்ததால் மருந்துக் கம்பெனி நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதியது. அப்புறம் இங்கே ஒட்டினேன்.)

சாங்கி கடற்கரையில் சந்திப்பதாகப் பேச்சு. உர்சுலா லேனாவை வண்டியில் கூட்டி வந்தாள், நான் பஸ்ஸில் வந்தேன். நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மரத்தடியில் சாப்பிட்டோம். லேனா நெத்திலியை மட்டும் பொறுக்கித் தின்றாள். தண்ணீருக்கு அப்பால் தீவுகள் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தன. நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. மழை வரப்போகிற வெளிச்சம்.

கிளம்பும்போது சாவியை நீட்டினாள். "நீங்க அவளக் கூட்டிட்டுப் போங்க. நான் பஸ்ல வரேன்."

"வேணாம், நீ ஓட்டு. நான் வரேன்."

"போன தடவையும் நீங்கதான் பஸ்ல வந்தீங்க."

இப்படியே இருவரும் நின்றோம். லேனா இடையில் நின்று இரண்டு பேர் விரலையும் பிடித்துக்கொண்டாள். அதே நேரம் தெம்பனிஸ் போகும் பஸ் வந்து நின்றது. உர்சுலா பஸ்ஸைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். கூரை மூடியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வண்டி இங்கயே இருக்கட்டும் லா," என்றாள். "நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கலாம்."

மேல்தட்டில் முன் இருக்கை காலியாக இருந்தது. மூவரும் உட்கார்ந்தோம்.

இதை எழுதுவது தெம்பனிஸ் வீட்டுச் சமையலறை மேசையில். லேனா தூங்கிவிட்டாள். உர்சுலா உள்ளேயிருந்து, "விளக்க அணைச்சுட்டு வாங்க, காலையில சீக்கிரம் எழணும்," என்கிறாள்.