காயில் கத்துகிறது

மார்ச் 2, திங்கள்

அக்கா வந்ததிலிருந்து என் கட்டிலில் எனக்கு மிஞ்சியிருப்பது ஓரம் மட்டும்தான். அதிலும் அவள் கால் போடுகிறாள். புருஷனை விட்டுவிட்டு வந்தவள் தலையணையை மட்டும் மறக்காமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வேறு தலையணையில் தூக்கம் வராதாம்.

சண்டை கல்யாண மோதிரத்தால் வந்தது. அத்தான் வாலிபால் ஆடும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாராம். வீட்டில் வந்து தேடினால் காணோமாம். மாப்பிள்ளை அதை விற்றுத் தின்றுவிட்டு மைதானத்து மேல் பழி போடுகிறார் என்பது அம்மாவின் தீர்ப்பு. மோதிரம் கிடைக்கும்வரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்பது அக்காவின் சபதம்.

ஆக, மோதிரம் கிடைத்தால் கட்டில் கிடைக்கும். எனக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வேண்டும்.

மார்ச் 4, புதன்

டிடெக்டரின் பெட்டி பார்சலில் வந்துவிட்டது. தரையில் காட்டித் தேடும் வளையத்தை, அதாவது காயிலை, நாமே சுற்றிக்கொள்ள வேண்டுமாம். எனக்கா தெரியாது? மோட்டார் ரீவைண்டிங் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து நாள் முழுக்க விசிறிக்குக் காயில் சுற்றுகிறவள் நான். வாடிக்கையாளர் வந்தால் வார்னிஷ் டின்களுக்குப் பின்னால் போய்விடுவேன். வீட்டில் மணி அடித்தால் குளியலறைக்குள்.

பத்தாவதோடு நின்றது படிப்பு வராததால் இல்லை. விடை தெரியும், சொல்லியும் விடுவேன். டீச்சர் “நிச்சயமா?” என்பார். உடனே “இல்ல டீச்சர்” என்று உட்கார்ந்துவிடுவேன். வகுப்பே சிரிக்கும். எத்தனை நாள்தான் அந்தச் சிரிப்பைத் தாங்குவது?

மார்ச் 5, வியாழன்

அம்மாவின் அலுமினியப் பானை மேல் சுற்றினேன். அளவு கச்சிதம், கம்பி ஒட்டி ஒட்டி அழகாக உட்கார்ந்தது. கழற்றினால் வரவில்லை. கடையில் மரக்கட்டை மேல் சுற்றுவோம், கட்டை இரண்டாகப் பிரியும். அம்மாவின் பானை எங்கே பிரியும்?

வெட்டி எடுத்தேன். அதற்கு முன்பே அம்மா பானையைக் கம்பியோடு சேர்த்து அடுப்பில் ஏற்றப் பார்த்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

பலகையில் வட்டமாக ஆணி அடித்து, அதைச் சுற்றிக் கம்பியை ஓட்டினேன். நூலால் கட்டி, டேப் ஒட்டி, மேலே அலுமினியத் தாள். தாளை முழு வட்டமாகச் சுற்றியதில் காயில் செத்த எலி மாதிரி கிடந்தது. கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தாளே ஒரு மூடிய வளையமாகிக் காயிலை அமுக்கிவிடும். இடைவெளி விட்டேன். உயிர் வந்தது!

அம்மா பக்கத்தில் வந்தபோது வீல் என்று கத்தியது. புடவை முழுக்க ஊக்கு. அம்மா ஒரு நடமாடும் இரும்புக்கடை. “என்னைப் பாத்து ஏண்டி கத்துது சனியன்?” என்றாள். பதில் சொல்லாமல் இருப்பதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே.

மார்ச் 11, புதன்

கோளாறு. கட்டில்தான் எனக்கு வேலை மேசை. மரக் கட்டில், பஞ்சு மெத்தை. காயிலைத் தலைமாட்டில் வைத்தால் கத்துகிறது. இரும்பே இல்லாத இடத்தில் என்ன கத்தல்? சுற்று எங்கோ தளர்ந்து ஆடுகிறது போல.

அக்கா புரண்டு படுத்து, “உன் மெஷின் கோளாறுதான். பிரிச்சு மறுபடி சுத்து” என்றாள். பிரித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

மறுபடியும் சுற்றி, அசையாமல் இருக்கக் கடை வார்னிஷில் முக்கி, காயவைத்து எடுத்துவந்தேன். தலைமாட்டில் அதே கத்தல். ஈயப் பற்று வைத்த இடத்தையும் பிரித்துப் பார்த்தேன், எல்லாம் சரி. பின்ன ஏன் கத்துற? நான் என்னடா தப்பு பண்ணேன்? ஒரு வளையம் ஒழுங்கா சுத்தத் தெரியல, இதுல நான் மோதிரம் வேற தேடப் போறேனாம். தூக்கிக் குப்பையில போடலாம்னு இருக்கு.

வரும் வழியில் அத்தானைப் பார்த்தேன். மைதானத்தில் சல்லடையோடு உட்கார்ந்து மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார். தினமும் வருகிறாராம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மோதிரக் கதையை முதலிலிருந்து சொல்கிறாராம். தெருவில் அவருக்கு ‘சல்லடை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விற்றவன் ஏன் சலிக்கப் போகிறான்?

மார்ச் 14, சனி

கோளாறோடு இருக்கட்டும் என்று காயிலை மைதானத்துக்கு எடுத்துப்போனேன். அத்தான் கூடவே நடந்தார், பேசிக்கொண்டே. பந்து, மழை, மண்ணின் தன்மை, அவருடைய பெரியப்பாவின் பல்வலி. காயில் கத்திய இடத்தில் எல்லாம் தோண்டினோம். சோடா மூடி. ஆணி. உடைந்த சாவி. ஒரு ஸ்பூன். மோதிரம் இல்லை.

ஆனால் ஒன்று. கத்திய இடத்தில் எல்லாம் ஏதோ ஒன்று இருந்தது. ஒரு தடவைகூடச் சும்மா கத்தவில்லை.

அப்படியென்றால் கட்டில்?

மார்ச் 15, ஞாயிறு

மத்தியானம் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தலையணையைத் தனியாகத் தரையில் போட்டுக் காட்டினேன். கத்தியது. தையலைப் பிரித்தேன். பஞ்சுக்குள் மோதிரம்.

அக்கா எச்சில் கையோடு வாசற்படியில் நின்றாள்.

துவைக்க எடுத்த சட்டைப் பையில் இருந்ததாம். அவர் கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். “அவரு கெட்டவர் இல்லடி. வாய்தான். பல் தேய்க்கும்போதும் பேசுறாரு. கொஞ்ச நாள் சும்மா இருக்கணும்னு வந்து நின்னா அம்மா விடுவாளா? அன்னிக்கே திருப்பி அனுப்பிருப்பா. மோதிரம்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.” பிறகு மெதுவாக, “உன் பக்கத்துல படுத்தா நிம்மதியா இருக்கு. நீதான் பேசவே மாட்டியே.”

என்னைப் பற்றி இதுவரை ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. நான் கோபத்தில் இருக்கும்போதுதானா வர வேண்டும்?

மோதிரத்தை மைதானத்தில் புதைத்து நீயே கண்டுபிடித்த மாதிரி எடுத்துவிடு என்றாள். மெஷினுக்கும் பேர் வருமாம். முடியாது என்றேன். நான் வேண்டுமானால் பொய் சொல்வேன். காயில் சொல்லாது. பாவி, இல்லாத கோளாறுக்கு என்னைப் பிரித்துப் பிரித்துச் சுற்ற வைத்தாளே.

நாளைக்குள் அவளே சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். சிரித்தாள். நானாவது, வாயைத் திறப்பதாவது.

மார்ச் 16, திங்கள்

அவள் சொல்லவில்லை. கடை முடிந்து மைதானத்துக்குப் போனேன். அத்தானின் முழங்கால் தோல் உரிந்திருந்தது. “அத்தான், இங்க இல்ல” என்றேன்.

“நிச்சயமாவா?”

அந்த வார்த்தைதான். “நிச்சயமா. எங்க வீட்லதான் காயில் கத்துது. அக்காவக் கேளுங்க.”

சல்லடையைத் தட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவரைவிட எனக்குத்தான் பயமாக இருந்தது.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், அம்மா முன்னாலேயே. அத்தான் கேட்டது ஒன்றே ஒன்று. “இத வாயத் திறந்து சொல்லிருக்கலாமே?” அதற்கு அக்கா, “நீங்க மூடினாத்தானே நான் திறக்க?” என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அழுகை. அம்மா அவருக்குப் பெரிய தட்டில் சோறு போட்டாள். அம்மா மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா கிளம்பிவிட்டாள். ஒப்பந்தம்: விளக்கு வைத்ததும் அத்தான் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக்கூடாது. வாசலில் ஒத்திகை பார்த்தார். முகம் பல் பிடுங்கியவர் மாதிரி இருந்தது.

தலையணையை எனக்கே விட்டுவிட்டுப் போய்விட்டாள். கட்டில் இவ்வளவு அகலமா?

ஏப்ரல் 6, திங்கள்

மிச்ச நேரமெல்லாம் அத்தான் என் காயிலைப் பற்றித்தான் பேசுகிறார் போலிருக்கிறது. காலையில் மணி அடித்தது. அம்மா குளியலறையில் இருந்ததால் எனக்கு ஒளிய இடமில்லை. நானே கதவைத் திறந்தேன்.

குழாய்க்காரர். பக்கத்துத் தெருவில் வால்வு ஒன்று மண்ணுக்குள் புதைந்துவிட்டதாம், யாருக்கும் இடம் தெரியவில்லையாம். “காயில் சுத்துற பொண்ணு இங்கதானே?”

போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று எல்லோரும் காட்டினார்கள். அங்கே மூச்சில்லை. செடிகளுக்கு நடுவில் போனபோது கத்தியது.

“அங்க எப்படிம்மா இருக்கும்? மெஷின் கோளாறா இருக்கப் போகுது. நிச்சயமாத் தெரியுமா?” என்றார் குழாய்க்காரர்.

“தோண்டுங்க” என்றேன்.