மே மாதத்துக்கு முன்பே இளகிய மண்

ஏப்ரல் 17, புதன்

அன்புள்ள ஒடில்,

தூர வடமேற்கில், அந்த வைட்ஹார்ஸ் ஊரில் நீ உடம்பும் மனமும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கும் சுகத்துக்குக் குறைவில்லை, அதைச் சொல்லிக்கொள்ளத்தான் வீட்டில் ஆளில்லை. உன் போன கடிதத்தில் தேதி போடவில்லை. நான் படித்த கன்னியர் மடப் பள்ளியில் தேதியில்லாமல் எழுதிக் கொடுத்தால் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இங்கே மேப்பிள் மரங்களில் சாறு மார்ச்சிலேயே ஓடி முடிந்துவிட்டது. ஏரிப் பனியும் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து, உன் சித்தப்பா மகன் ரெஜான் பனிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசை அடுப்போடு முழுகிவிட்டது, மீனெல்லாம் இப்போ என் அடுப்புலதான் குளிர் காயுது என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். சிரித்தேன், சிரித்துவிட்டு உன் அப்பாவிடம் சொல்லத் திரும்பினேன், நாற்காலிதான் இருந்தது.

விஷயம் அப்பாவைப் பற்றியதுதான். ஜனவரியில் அவருடைய அடக்கப் பூசைக்குப் பனிப்புயலில் உன்னால் விமானம் ஏற முடியாமல் போயிற்று, அவரை மண்ணில் இறக்கும்போது கட்டாயம் வருவேன் என்றாய், மே பதினெட்டுக்குப் பயணச்சீட்டும் வாங்கிவிட்டாய். குளிர்காலத்தில் இறந்துபோனவர்களைக் கல்லறையோரக் கல்வீட்டில் வைத்திருந்து மண் இளகியதும் புதைப்பது நம் வழக்கம், மண் இளகுவது என்றால் மே, அதனால் நீயும் நானும் யாரையும் கேட்கவில்லை. நேற்று குழிவெட்டும் கொன்ராட் வந்து, தொப்பியைக் கழற்றாமலே, அம்மா, மண்ணு எப்பவோ இளகிடுச்சு, கல்வீட்டுச் சுவரெல்லாம் வேர்க்குது, இந்தச் சனிக்கிழமையே இறக்கிடலாம், அர்மான் அண்ணன் உயிரோட இருந்தப்பவே காத்திருக்கத் தெரியாத மனுசனாச்சே என்றான். உங்க பொண்ணுதானே நாடு முழுக்க வெயிலு குளிரு கணக்குப் போடுறா, அவளுக்கே தெரியலையா என்று வேறு கேட்டான். அவள் பார்ப்பது எழுபது வருடத்துப் போக்கு, உன் மண்வெட்டிக்கு நாள் குறிப்பதில்லை, முதலில் தொப்பியைக் கழற்று என்றேன். கழற்றினான்.

அவன் போன பிறகு, எந்தப் பக்கம் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று காட்டி கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நீ இருக்கும் வடமேற்கு கருஞ்சிவப்பு, எங்கள் பக்கம் வெளிர்மஞ்சள். பயப்படாதே அம்மா, உங்க பக்கம் ரொம்பக் கொஞ்சம்தான் என்று எழுதியிருந்தாய். அந்தக் கொஞ்சத்தில்தான் அப்பா இருக்கும் சுவர் வியர்க்கிறது.

இன்று காலை பங்குத்தந்தையிடம் போய் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். நான் எவரிடமும் எதையும் கேட்பவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை வரை, அதற்கு மேல் முடியாது என்றார். உனக்கு வேலை இருக்கும், சீட்டை மாற்றினால் வீண் செலவு, வா என்று நான் எழுதப்போவதில்லை. தொலைபேசியில் இதைச் சொல்லியிருக்கலாம், குரல் ஒத்துழைக்காது. பக்கத்து வீட்டு ஜோசியான் இந்தத் தாளைப் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்புவாள்.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தை மூடிக்கொள், ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்திருப்பாராக. ஒன்று மறந்துவிடாதே, பனிக்காலணி இங்கே உதவாது, கல்லறை முழுக்கச் சேறு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் எடுத்து வா.

உன் அம்மா,
ரோலாந்த்