கட்டிலுக்கடியில் உன் தண்டவாளத் துண்டு

அருமைத் தம்பி சாமுவேலுக்கு,

அருமை என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அதற்காக அக்காவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நீ போய் வருஷம் ஒன்றாகிறது. இந்த ரங்கூன் பபேடான் பேட்டையில், மூன்றாம் மாடி வீட்டில், என் கட்டிலுக்கடியில், நீ கொண்டுவந்து போட்ட தண்டவாளத் துண்டு இன்னும் கிடக்கிறது. கூட்டும்போதெல்லாம் கால் விரலில் இடிக்கிறது. இடிக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன், கேட்கிறதா?

நேற்று சபை மூப்பர் என் இட்லிக் கடைக்கு வந்தார். "ஸ்தோத்திரம் அக்கா" என்று பல்லெல்லாம் தெரிய. "பாஸ்டர் ஐயா கிராமத்துல அடிச்ச தண்டவாள மணி உங்ககிட்ட இருக்காமே. சண்டையில ஊரையே காப்பாத்துன மணியாம். குடுங்க, நம்ம சர்ச்ல கண்ணாடிப் பெட்டி செஞ்சு வைக்கிறோம். பக்கத்துலயே ஐயா போட்டோவும்."

வந்ததே எனக்கு ஆத்திரம்! "பாஸ்டர் ஐயாவா? உசுரோட இருந்தப்ப அவன் உங்களுக்கு யாரு? பாஸ்டர் சர்ட்டிபிகேட் இல்லேன்னு வாசல்ல நின்னு பாட்டுப் புஸ்தகம் குடுக்க வெச்சீங்களே, மறந்துட்டீங்களா?" என்றேன். சாப்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒரே ஒரு நாள் உன்னை ஜெபிக்கச் சொன்னார்கள். நீயாவது சும்மா இருந்தாயா? பட்டாளத்துப் பையன்களுக்கும் அவர்களை எதிர்த்துச் சண்டை போடக் காட்டுக்குப் போன பையன்களுக்கும் சேர்த்து, ஒவ்வொரு பேராகச் சொல்லி ஜெபித்தாய். பாதியில் மைக்கை அணைத்தவரே இந்த மூப்பர்தான். நீ மைக் இல்லாமலே முடித்துவிட்டு வந்தாய், பிடிவாதம் பிடித்தவனே.

அவரை விரட்டியது உனக்காக என்று பூரித்துப் போகாதே. உன்மேல் எனக்கு அதைவிடப் பெரிய வழக்கு இருக்கிறது. விமானம் வந்தாலும் பட்டாளம் வந்தாலும், ஆராதனை மணியாகக் கோயில் மாமரத்தில் தொங்கிய இந்த இரும்பை நீ அடிப்பாய். சனம் வயலில் வெட்டிய குழிக்குள் போய் ஒளியும். அது வரைக்கும் சரி. ஊரே எரிந்து எல்லாரும் காட்டுக்கு ஓடியபோது, காய்ச்சலில் கிடந்த எஸ்தரை நடக்கவிட்டு, தோளில் இரும்பைச் சுமந்தாயே, எந்த ஊர் நியாயம்டா அது? நாலாம் நாள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண்டாட்டியை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைத் தூக்கிய மகராசன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான்.

அதை நீயே வந்து சொன்ன அன்று, என் வாசலில் வைத்தே "கொலைகாரா" என்றேன். நீ வாயைத் திறக்கவில்லை. இங்கே என்னோடு இருந்த இரண்டு வருஷமும் என் கடைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டு அப்படியே இருந்தாய். ஒரு பதில் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? கடைசியில் மட்டும் கேட்டாய்: "அக்கா, அத திரும்ப நம்ம மாமரத்துலயே கட்டிடணும்." நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

இன்று காலை உன் கிராமத்துச் சபை மார்த்தா வந்திருந்தாள். அந்தப் பக்கம் சண்டை ஓய்ந்து, பதினொரு வீட்டுக்காரர்கள் திரும்பிப் போயிருக்கிறார்களாம். மருந்து வாங்க ரங்கூன் வந்தவள், "சயாவோட அக்காவப் பாக்காமப் போவேனா" என்று மாடி ஏறிவிட்டாள். உங்கள் ஊரில் போதகரை சயா என்றுதானே கூப்பிடுவார்கள்.

நல்லதாய்ப் போயிற்று என்று இரும்பை இழுத்து அவள் முன்னால் போட்டேன். "இந்தா, கொண்டுபோய்க் கட்டுங்க. என் கால் விரலாவது பொழைக்கும்."

அவள் இரண்டடி பின்னால் போனாள். "வேணாங்க்கா. ஊருக்குள்ள அது வேணாம். போன மாசம் ஒருத்தர் கலப்பைக் கொழுவத் தட்டி நிமித்துனாரு. அந்தச் சத்தத்துக்கே பிள்ளைங்க சோத்துத் தட்டப் போட்டுட்டு குழிக்குள்ள போய் விழுந்துச்சுங்க. அவ்வளவு சீக்கிரம் வெளியே வரலக்கா."

"அப்ப இதுக்காகவா எஸ்தரச் சாகவிட்டான்?" என்று கத்திவிட்டேன்.

மார்த்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சயா உங்ககிட்ட சொல்லலையா? அவரு அவங்களத்தான் தூக்க வந்தாரு. எஸ்தர் அக்காதான் கையத் தட்டிவிட்டு, 'நான் நடந்துருவேன், அத எடுங்க, அத்தனை பிள்ளைங்க வருது, விமானம் வந்தா அடிக்கணும்'ன்னுச்சு. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்."

ஏன்டா சொல்லவில்லை? செத்தவள்மேல் பழி போடக்கூடாது என்றா? இல்லை, நான் சொன்னது சரிதான் என்று நீயே நினைத்துக்கொண்டாயா? அவள் என்ன சொன்னாலும் நீ அவளைத்தான் தூக்கியிருக்க வேண்டும். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் வாசலில் சொன்ன அந்த வார்த்தையை நான் எங்கே போய்ப் பொறுக்குவேன்? அழுதேன்டா. அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் அழுதேன்.

இப்போது கேட்டுக்கொள். இது கண்ணாடிப் பெட்டிக்கும் போகாது, கட்டிலுக்கடியிலும் கிடக்காது. மழை விட்டதும் பஸ்ஸில் ஏற்றி நானே உன் ஊருக்குக் கொண்டுபோகிறேன், இட்லிக் குண்டானோடு. பிரசங்கம் பண்ண எனக்குத் தெரியாது, சட்னி அரைக்கத் தெரியும். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, சுத்தியலை அவர்கள் கையிலேயே கொடுப்பேன். முதலில் மெதுவாக ஒரு தட்டு, உடனே ஆளுக்கு ஒரு இட்லி. தினமும் அப்படித்தான். அந்தச் சத்தம் கேட்டதும் அவர்கள் குழியை விட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவரும் வரைக்கும் நான் அந்த ஊரை விட்டு நகரமாட்டேன். அதற்குப் பிறகுதான் உன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அடிக்கவிடுவேன்.

இப்படிக்கு,
உன்னைக் கொலைகாரன் என்று சொன்ன வாய்க்குச் சொந்தக்காரி,
உன் அக்கா ரோஸ்மேரி